நாலுக்குக் கீழே

பகல் இரண்டு மணிக்கு டெஸ்டர் அக்கா குழாய் கழுவ உட்கார்வாள். வீட்டுக்கு ஒன்றாக முப்பத்திரண்டு, உடைந்தால் இருக்கட்டும் என்று இன்னும் நான்கு. வயிறு பெருத்து கழுத்து ஒடுங்கிய கண்ணாடிக் குழாய்கள். சோடா போட்ட வெந்நீரில் ஒவ்வொன்றாக முக்கி, குச்சித் தூரிகையை உள்ளே விட்டுத் திருகி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். கழுத்தில் மயிரிழை அளவு பசை ஒட்டியிருந்தாலும் சாயங்காலம் யாரோ ஒருவர் பாலில் இல்லாத கொழுப்பு ஏறிவிடும். அதனால் சந்தேகம் வந்த குழாயை மறுபடி முக்குவாள். இந்த வேலையை அவள் யாரிடமும் விட்டதில்லை. பதினான்கு வருஷமாக ஆசிட்டைத் தொட்டுத் தொட்டு வலது கட்டைவிரலில் ரேகை தேய்ந்து போயிருந்தது. பாங்கில் கைரேகை வைக்கும் இயந்திரம் அந்த விரலை மனுஷ விரலாகவே மதிப்பதில்லை.

இரண்டு சாலைகள் பிரியும் இடத்தில் நீளமான கொட்டகைதான் பால் நிலையம். ஒரு கோடியில் குளிரூட்டும் தொட்டி, நடுவில் எடைமேடை, இந்தக் கோடியில் பரிசோதனை அறை. அறையின் பின்கதவைத் திறந்தால் அக்காவின் இரண்டு அறை வீடு. அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தது அவளுடைய புருஷன்தான். ஒரு கோடைப் பகலில், குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, பணம் வேண்டுமா வேலை வேண்டுமா என்று கேட்டார்கள். வேலை என்றாள். பதினொரு நாளில் கற்றுக்கொண்டாள்.

கற்றுக்கொள்ள அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. குழாயில் ஆசிட், அதன் மேல் பால், மூடியை அழுத்திக் குலுக்கினால் உள்ளங்கை சுடும். ஐந்து நிமிஷம் சுழற்றி எடுத்தால் கொழுப்பு மட்டும் மஞ்சளாகக் கழுத்துக்கு ஏறி நிற்கும். கழுத்தில் கோடுகள் இருக்கும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அன்றைக்கு அந்தப் பாலின் விலை. நாலு என்றால் சுமாரான பால். நாலைத் தாண்டி இரண்டு சின்னக் கோடு ஏறினால் நாலு இரண்டு, நல்ல பால். நடுவில் இருக்கும் ஒவ்வொரு சின்னக் கோட்டையும் புள்ளி என்பார்கள்.

வேலைக்கு வந்த இரண்டாவது மாதம் நடந்தது இது. வரிசையில் அவளுடைய தம்பி நின்றிருந்தான். அப்போது அவனிடம் ஐந்து மாடுகள். அவன் பால் நாலு இரண்டு வந்தது. அவள் சத்தமாகப் படித்தாள். பின்னால் நின்ற தொப்பிக்காரர், வெயிலோ மழையோ கம்பளித் தொப்பியைக் கழற்றாத மனுஷர், வரிசைக்கே கேட்கும்படி சொன்னார்:

"அக்கா கையில குழாயி, தம்பி கையில கேனு. நாலு ரெண்டு என்ன, நாப்பத்திரெண்டே வரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி விடவில்லை. "உங்க பால்ல இல்லாத கொழுப்பெல்லாம் உங்க வாயில இருக்குய்யா" என்றான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. தொப்பிக்காரரே சிரித்துவிட்டார். பேச்சு அத்தோடு போயிற்று.

அக்காவுக்குப் போகவில்லை. புருஷன் செத்த ஈரம் காய்வதற்குள் திருட்டுப் பட்டமா என்று ராத்திரி முழுக்கப் புரண்டாள். மறுநாளும் தம்பி பால் நாலு இரண்டுதான் வந்தது. அவள் நாலு என்று படித்து, நாலு என்று எழுதினாள். படிக்கும்போது அவள் பார்த்தது தம்பியை இல்லை, தொப்பிக்காரரை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேசாத முகம் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒரு மாதம் இப்படிச் செய்யலாம், பேச்சு அடங்கட்டும் என்று நினைத்தாள். பேச்சு அடங்கியது. கை அடங்கவில்லை. தம்பியின் குழாயை எடுத்தால் கண் பார்ப்பது ஒன்று, பேனா எழுதுவது இன்னொன்று என்று பழகிப்போயிற்று. எப்போதும் இரண்டு புள்ளிதான். மூன்று குறைத்ததில்லை, ஒன்றோடு நிறுத்தியதில்லை. அந்தப் பொய்யிலும் அவள் ஒழுங்காக இருந்தாள்.

அவன் ஒருவன் பாலில் இரண்டு புள்ளி மறைந்தால் தொட்டியில் தெரியாது. முப்பத்திரண்டு வீட்டுப் பாலும் கலந்து டாங்கரில் ஏறி டவுனுக்குப் போய், அங்கே அளக்கும்போது அக்காவின் பதிவை விட ஒரு துளி கூடுதலாகவே வரும். மற்ற நிலையங்களில் குறைவாக வரும். அதனால் அவளுக்கு மூன்று முறை பாராட்டுக் கடிதம் வந்தது. மூன்றையும் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தாள்.

தம்பிக்கு அவள் செய்யாமலும் இல்லை. பள்ளிக்கூடம் திறந்தால் அவன் மகளுக்கு ஷூ அத்தை வாங்கியதுதான். கொட்டகைக்குத் தகரம் போட்டபோது பாதி அவள் கொடுத்தாள். "எங்க அண்ணி மாதிரி யாரு செய்வா?" என்று தம்பி மனைவி போகிற இடமெல்லாம் சொல்வாள். அக்கா கொடுத்ததையும் குறைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பார்த்தால் மீதி யார் பக்கம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தம்பியோ தன் மாடுகள் ஒரு படி மட்டம் என்றே நம்பினான். தீவனத்தை மாற்றினான். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வாங்கிப் போட்டான். "என்னதான் போட்டாலும் நாலத் தாண்ட மாட்டேங்குதேக்கா" என்பான். ஐந்து வருஷத்துக்கு முன்னால், செவலை மாடுதான் தண்ணியாகக் கறக்கிறது என்று முடிவு கட்டி, அதை விற்றான். அன்றைக்கு அக்கா அங்கேதான் இருந்தாள். மாட்டை வெளியே ஓட்டும்போது படலைத் திறந்து பிடித்துக்கொண்டவளே அவள்தான்.

இத்தனை வருஷமும் நாலுக்குக் கீழே வந்தால் விலைதான் குறையும். யார் கேனையும் திருப்பி அனுப்பியதில்லை. போன வருஷம் நிலைமை மாறத் தொடங்கியது. பிஸ்கட் கம்பெனிகளும் ஐஸ்கிரீம் கம்பெனிகளும் க்ரீம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கின. க்ரீம் எடுத்த பிறகு மிஞ்சும் பாலைத்தான் வாங்க ஆள் இல்லை. பக்கத்துப் பிரதேசத்திலிருந்து டாங்கர் டாங்கராகக் குறைந்த விலைப் பால் டவுனுக்குள் வந்து இறங்கியது. டவுன்காரர்கள் பாக்கெட்டில் விலையைப் பார்ப்பார்களே தவிர எந்த ஊர் மாடு என்றா பார்ப்பார்கள்? மிஞ்சியதைப் பவுடராக்கி மூட்டை கட்டினார்கள். மூட்டைகள் கிடங்கின் கூரையை முட்டின. கொழுப்புக்குக் கொடுக்கும் விலை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ஏறியது. மற்றதற்குக் கொடுப்பது நாலு தடவை இறங்கியது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஃபைல் சார் வந்தார். மேற்பார்வையாளர். கக்கத்தில் ஃபைல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். எடைமேடைக்கு மேலே ஒரு அறிவிப்பை ஒட்டினார். வரும் ஒன்றாம் தேதியிலிருந்து, பன்னிரண்டு மாத சராசரி நாலுக்குக் கீழே இருப்பவர்களிடம் பால் எடுப்பதில்லை.

"எடுக்கறதில்லைன்னா?" என்றாள் அக்கா. "விலை கம்மியாக் குடுப்பீங்களா?"

"எடுக்கறதே இல்லக்கா. தண்ணிப் பால வாங்கி நாங்க என்ன பண்றது? போட்ட பவுடரே கெடக்குது, எலிகூடத் திரும்பிப் பாக்கல."

"சராசரி யாரு போட்டது?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. போன மாசம் நீங்கதானே போட்டு அனுப்பிச்சீங்க!"

அனுப்பியிருந்தாள். எதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அறிவிப்புக்குக் கீழே ஒன்பது பேருடைய பெயர்கள் இருந்தன. ஆறாவது தம்பி. மூன்று ஒன்பது. உண்மையில் அது நாலு ஒன்று என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

சாயங்கால வரிசையில் கேன்களின் சத்தம் மட்டும் இருந்தது. தொப்பிக்காரருக்குச் சரியாக நாலு, மயிரிழையில் தப்பியிருந்தார். அவர்தான் ஜன்னல் பக்கம் குனிந்து சொன்னார்: "நான் ஒரு காலத்துல என்னமோ உளறினேன் அக்கா. சொந்தத் தம்பின்னுகூடப் பாக்காம உள்ளத உள்ளபடி எழுதியிருக்கீங்க. இந்தக் கை தங்கம்." அக்கா அவர் குழாயை மூடியவள், குலுக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை தம்பி ஒரு தாளோடு வந்தான். மறுபரிசோதனைக்கு விண்ணப்பம். சனிக்கிழமை ஐந்து மணிக்குள் கொடுத்தால் டவுனிலிருந்து ஆள் வந்து மூன்று நாள் பாலை எடுத்துப் பார்ப்பார்கள். டெஸ்டர் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டார்கள்.

"ஒரே ஒரு புள்ளிக்கா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "ஒரு புள்ளி வந்தாப் போதும். இந்த மூணு நாளும் மாட்டுக்குப் பாட்டுப் பாடியாவது ஏத்திடுறேன்."

"உன் பாட்டக் கேட்டா இருக்கறதும் வத்திடும். வச்சுட்டுப் போ, பாக்குறேன்."

அவள் அதைச் சோடா டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

வியாழக்கிழமை பஸ் பிடித்து டவுன் அலுவலகத்துக்குப் போனாள். ஃபைல் சார் மேஜையில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவள் சுற்றி வளைத்துக் கேட்டாள்: யாராவது மறுபரிசோதனை கேட்டு, வந்த ஆள் பார்ப்பதும் பதிவில் இருப்பதும் வேறு வேறாக இருந்தால்?

"ஒரு புள்ளின்னா பரவால்ல, மாடு தின்ன தீவனம்னு விட்டுடுவோம்."

"ரெண்டுன்னா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டுன்னா பதிவே தப்புன்னு அர்த்தம். டெஸ்டர் அன்னைக்கே வீட்டுக்கு. பன்னெண்டு மாசத்துப் பதிவையும் பிரிப்பாங்க. முப்பத்திரண்டு வீட்டுக்கும் பட்டுவாடா நிக்கும்." குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லாதீங்க. பால் கூடிப்போச்சுன்னு நாலு நிலையத்த மூடப் போறாங்க. எத மூடலாம்னு ஒரு சாக்குத் தேடிட்டிருக்காங்க. உங்க நிலையத்துப் பேரு அந்தப் பேச்சுலயே இல்ல. ஏன் தெரியுமா? உங்க பதிவு அப்படி."

அவள் எழுந்து நன்றி சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை தம்பி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "போட்டாச்சா?" என்றான். இன்னும் பார்க்கவில்லை என்றாள். சனிக்கிழமை காலை, கேனை எடைமேடையில் வைத்த கையோடு பரிசோதனை அறைக்குள்ளேயே வந்துவிட்டான். சலவைச் சட்டை போட்டிருந்தான். டவுனுக்குப் போகத் தயாராக வந்திருந்தான்.

"வேண்டாண்டா" என்றாள் அக்கா, குழாய் அடுக்கைப் பார்த்துக்கொண்டு. "வீண் அலைச்சல். அவங்க பாத்தாலும் அதேதான் வரும். நான் தினம் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். "நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

"சரி. நீ சொன்னா சரிதான்" என்றான். காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு போனான். சட்டையில் இஸ்திரி மடிப்பு முதுகில் கோடு போட்டிருந்தது.

ஒன்றாம் தேதி முதல் வரிசையில் இருபத்துமூன்று பேர். ஒன்பது வீட்டிலும் மாடு விற்பனைக்கு என்று தெரிந்ததும் வியாபாரி லாரியோடு வந்து இறங்கினார். அவருக்கு அவசரம் இல்லை. விற்கிறவர்கள் ஒன்பது பேர், வாங்குகிறவர் அவர் ஒருவர். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் "லிஸ்ட்டுல வந்த மாடுதானே?" என்று ஆரம்பித்து, பாதி விலையில் முடித்தார். தம்பி மூன்றைக் கொடுத்தான். வீட்டுக்குப் பால் வேண்டுமே என்று ஒன்றை வைத்துக்கொண்டான். அடுத்த வாரத்திலிருந்து ஒரு மரப்பட்டறையில் பலகை தூக்கும் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான்.

மாடு போன மறுநாள் மூன்று மணிக்கு, கழுவின குழாய்களைக் கவிழ்த்துவிட்டு அக்கா தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான். அந்த நேரத்தில் அவனை வீட்டுக்குள் பார்ப்பதே புதிதாக இருந்தது. அவன் மனைவி கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. உக்காருங்க. இவரு நேத்துலேருந்து அந்த வியாபாரி பேச்சையே போட்டு அரைச்சுட்டிருக்காரு."

"அரைக்காம?" என்றான் தம்பி. "நீயே கேளுக்கா. பேரம் முடிஞ்சு, பணம் குடுத்து, கயித்தையும் கையில வாங்கியாச்சு. அப்புறம் மடியத் தொட்டு உள்ளங்கையில ரெண்டு சொட்டு பீச்சித் தேய்ச்சுப் பாக்குறான். 'இதையா வேண்டான்னாங்க? இது நாலுக்கு மேல நிக்குமேய்யா'ன்னு சிரிக்கிறான். பக்கத்துப் பிரதேசத்துக்கு ஓட்டிட்டுப் போய் நல்ல விலைக்கு விப்பானாம். விலையக் குறைக்கறதுக்கு மாட்டத் திட்டுவாங்க. வாங்கினதுக்கப்புறம் எதுக்குப் புகழணும்? பொய் சொல்ல அவனுக்கு என்ன இருக்கு?"

"பொய் சொல்லல" என்றாள் அக்கா.

"என்ன?"

"அவன் சொன்னது சரிதான். உன் பால் நாலு ஒண்ணு. நாந்தான் கொறச்சு எழுதினேன்."

தம்பி சிரித்தான். "வெளையாடாதக்கா."

"ரெண்டு புள்ளி. தெனமும். ரெண்டு வேளையும்."

கத்தி நின்றது. "எதுக்கு அண்ணி?" என்றாள் தம்பி மனைவி. கோபம் இன்னும் வந்திருக்கவில்லை. விளங்காமல்தான் கேட்டாள்.

"தம்பிக்கு ஏத்திப் போடுறான்னு ஒருத்தன் சொன்னான். அதான்."

"எப்பலேருந்து?" என்றான் தம்பி.

"வேலைக்கு வந்த ரெண்டாவது மாசத்துலேருந்து."

அவன் விரலை மடக்கி எதையோ எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டான். "அப்ப செவலை?"

"தனியாப் பாத்தப்ப நாலு மூணு. நல்ல பால்தான்."

"அத விக்கறப்ப நீ படலப் புடிச்சுட்டு நின்ன."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

தம்பி மனைவி நறுக்கின கேரட்டைக் கத்தியாலேயே ஓரமாக ஒதுக்கினாள். "ஷூ, தகரம், அது இதுன்னு எங்க காசையே எங்களுக்குக் குடுத்துட்டு... நான் வேற ஊரு பூரா உங்களப் பத்திப் பெருமை பீத்திட்டிருந்தேன். வாயப் பொளந்துட்டு கேட்டுட்டுதானே இருந்தீங்க?"

"நீ சும்மா இரு" என்றான் தம்பி. அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. மேஜையைப் பார்த்துச் சொன்னான். "அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடலியே, அது இதனாலயா?"

அக்கா டவுன் அலுவலகத்தில் கேட்டதைச் சொன்னாள். இரண்டு புள்ளி வித்தியாசம் வந்தால் பதிவைப் பிரிப்பார்கள், முப்பத்திரண்டு வீட்டுக்கும் பணம் நிற்கும், நிலையத்தையே மூடிவிடுவார்கள். சொல்லும்போது எல்லாம் வரிசையாக, நியாயமாக வந்தது. வியாழக்கிழமை பஸ்ஸிலேயே அவள் கோத்து வைத்திருந்த வரிசை அது.

தம்பி கடைசி வரைக்கும் கேட்டான்.

"சரி. மூடட்டும், மூடாமப் போகட்டும். பதினாலு வருஷத்தையும் விடு. அன்னைக்கு நீ புதுசு, பயந்துட்ட, விடு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு." அவன் குரல் உயரவில்லை. "சனிக்கிழம காலையில நான் உன் முன்னாலதானே நின்னேன். கதவும் சாத்தித்தான் இருந்துச்சு. இது இப்படின்னு எங்கிட்ட சொல்லியிருந்தா, நான் அந்தத் தாளத் தூக்கிட்டுப் போய் உன்ன மாட்டி விட்டிருப்பேன்னு நெனச்சியா?"

அக்கா மேஜை விளிம்பைப் பார்த்தாள். மரம் பிளந்த இடத்தில் மாவு அடைந்திருந்தது.

"முப்பத்திரண்டு வீட்டுக்காகன்னு சொல்லாத. அது அவங்க. நான் உன் தம்பி. நானே கிழிச்சுப் போட்டிருப்பேனோ என்னமோ. ஒருவேளை கிழிக்காமலும் இருந்திருப்பேன். மூணு மாடு என்னுது. எதுன்னாலும் நான்ல முடிவு பண்ணியிருக்கணும்? என்ன நெனச்ச நீ என்னைப் பத்தி? அத மட்டும் சொல்லு."

நாலு மணிக்கு முதல் கேன் ஜன்னலுக்கு வந்துவிடும். அக்கா எழுந்து நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளினாள். அது முழுசாகப் போகவில்லை, மறுபடி தள்ளினாள். தம்பி மனைவி வழிவிடுவதற்காகச் சுவரோடு ஒதுங்கிக்கொண்டாள், கையைத் தொட்டுவிடாமல்.

"அக்கா" என்றான் தம்பி. "கேட்டுட்டே இருக்கேன்ல?"

அவள் வாசலில் குனிந்து செருப்பை மாட்டினாள். ஒரு வார் புரண்டுகொண்டது. அதைச் சரி செய்யாமல், குதிகாலால் மிதித்தபடியே வெளியே போனாள்.